இரண்டு அடுக்களைக்கு நடுவே ஒரு சுவர்: எடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை

அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது ஒரே வீட்டில் இரண்டு அடுக்களை வந்திருக்கும். அல்லது அந்தக் காலத்து விறகடுப்பு அறையை ஸ்டோர் ரூமாக விட்டுவிட்டு, பக்கத்து அறையில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டுமே சிறியவை, ஒன்றில் வெளிச்சம் கிடையாது. நடுச்சுவரை எடுத்துவிட்டால் விசாலமான ஒரே சமையலறை கிடைக்கும் என்ற ஆசை நியாயமானதுதான். செலவும் புது அறை கட்டுவதைவிடக் குறைவு. ஆனால் 'சுவர்தானே, ஒரு நாள் வேலை' என்று சொல்லும் ஆளிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். இடிப்பது ஒரு நாள் வேலைதான். இடிக்கலாமா, எவ்வளவு இடிக்கலாம், இடிப்பதற்கு முன் எதை வைத்துத் தாங்குவது என்பதற்குத்தான் நாள் பிடிக்கும்.

1. முதலில் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். வாசல் நிலை இருக்கும் இடத்தில் டேப் வைத்தால் தெரிந்துவிடும். நம் ஊர்ச் செங்கல் 9 இஞ்ச் நீளம், நாலரை இஞ்ச் அகலம். இருபுறப் பூச்சையும் சேர்த்து 10 இஞ்ச் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் வந்தால் அது ஒன்பது இஞ்ச் சுவர். ஐந்தரை, ஆறு இஞ்ச் வந்தால் நாலரை இஞ்ச் தடுப்புச் சுவர். ஒன்பது இஞ்ச் சுவர் என்றால், கூரையின் பாரத்தை அது தாங்குகிறது என்று வைத்துக்கொண்டே மேலே யோசியுங்கள். நாலரை இஞ்ச் என்றால் அது வெறும் தடுப்புதான் என்று உடனே முடிவு கட்டிவிடவும் கூடாது. பரண், கடப்பாக்கல் அலமாரி, பிற்பாடு மாடியில் எழுப்பிய சுவர் என்று ஏதாவது ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருக்கலாம். கனம் ஒரு துப்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல.

2. வீடு தூண், பீம் போட்டுக் கட்டியதா, சுவரின் மேலேயே தளம் போட்டதா என்று பாருங்கள். அறை மூலைகளில் சுவரைவிட்டுத் துருத்தி நிற்கும் தூண்கள், கூரைக்கு அடியில் இறங்கி நிற்கும் பீம்கள், மொட்டை மாடியில் அடுத்த மாடிக்காக நீட்டிவிட்ட கம்பிகள், இவையெல்லாம் தூண் வீட்டின் அடையாளம். சுவர் பாரத்தில் நிற்கும் வீட்டில் இவை இருக்காது. பழைய தரைத்தள வீடுகளில் பெரும்பாலானவை சுவர் பாரத்தில் நிற்பவைதான். சில வீடுகளில் முன்பகுதி தூண் கட்டடமாகவும், பிறகு சேர்த்த பின்பகுதி சுவர்க் கட்டடமாகவும் இருக்கும். சமையலறை பெரும்பாலும் பின்பகுதியில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

3. மொட்டை மாடிக்குப் போய், அந்தச் சுவருக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சுவரிலிருந்து அடிக்கணக்கு எடுத்து மேலேயும் கீழேயும் ஒப்பிட்டால் இடம் சரியாகப் பிடிபடும். சமையலறைக்கும் குளியலறைக்கும் பக்கம் என்பதால் தண்ணீர்த் தொட்டியைச் சரியாக இந்தச் சுவரின் தலைமேல் வைத்திருப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1 டன். மேடை கட்டி வைத்திருந்தால் அந்தக் கட்டுமானத்தின் எடை தனி. அப்படி இருந்தால் வேலை தொடங்குவதற்கு முன் தொட்டியை வேறு சுவருக்கு மாற்றிவிடுங்கள். குறைந்தபட்சம் வேலை முடியும்வரை காலியாகவாவது வைத்திருங்கள்.

4. மெட்ராஸ் டெரஸ் வீடு, ஓட்டு வீடு என்றால் உத்திரங்களின் முனை எந்தச் சுவரில் நுழைகிறது என்று அண்ணாந்து பார்த்தாலே தெரியும். உத்திரத்தின் முனை இந்தச் சுவருக்குள் போனால், இது பாரம் தாங்கும் சுவர். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. சுவருக்கு இணையாக உத்திரங்கள் ஓடினால் பாரம் வேறு சுவர்களில் இறங்குகிறது. மரமுனை சுவருக்குள் ஈரமும் கரையானும் பட்டு உளுத்திருக்க வாய்ப்பு உண்டு. திருப்புளியால் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் முதல் வேலை அந்த உத்திரம்தான், சுவர் அல்ல.

5. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னும் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றிக் கட்டும் 'மைவான்' முறைக் குடியிருப்புகளில் சுவர்களே கட்டடத்தைத் தாங்குகின்றன. அங்கே செங்கல்லே கிடையாது, சுவருக்குள் கம்பி ஓடுகிறது. அப்படிப்பட்ட சுவரில் வாசல் வெட்டுவது என்ற பேச்சையே எடுக்காதீர்கள். மற்ற கட்டடங்களிலும் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் தொட வேண்டாம். கீழ்வீட்டின் பாரமும் மேல்வீட்டின் பாரமும் ஒரே பாதையில்தான் தரைக்கு இறங்குகின்றன. மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று ஒரு நான்கு மாடிக் குடியிருப்பு இடிந்து 17 பேர் இறந்தார்கள். அதன் தரைத்தளத்தில் அப்போது புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுக்காரர் எடுக்கும் முடிவில் எத்தனை குடும்பங்களின் உயிர் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

6. பரணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விபத்து அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான். நம் சமையலறைகளில் லிண்டல் மட்டத்தில், 7 அடி உயரத்தில், இரண்டடி அகலத்துக்குக் கான்கிரீட் பரண் நீட்டியிருப்பார்கள். பித்தளை அண்டா, பொங்கல் பானை, பழைய கிரைண்டர் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்தப் பரணுக்கு முன்பக்கம் எந்தத் தாங்கலும் இல்லை. அதன் ஒரு முனை சுவருக்குள் இருக்கிறது. அந்த முனையின் மேல் கூரைவரை ஏறும் மூன்றடிச் சுவரின் எடை அழுத்திக்கொண்டிருப்பதால்தான் பரண் சாயாமல் நிற்கிறது. மேலே உள்ள செங்கல்லை எடுத்தால் அந்த அழுத்தம் போய்விடும், பரண் முன்பக்கமாகக் கவிழும். கீழே நிற்கும் ஆள் என்ன நடந்தது என்று அறிவதற்குள் முடிந்துவிடும். ஆகவே முதலில் பரணைக் காலி செய்யுங்கள். அடுத்து அதன் முன்விளிம்புக்கு அடியில் வரிசையாக முட்டுக் கொடுங்கள். அதன்பிறகு பரணைத் துண்டுதுண்டாக வெட்டி இறக்கிவிட்டு, கடைசியாகத்தான் சுவருக்கு வர வேண்டும். சுவரின் மறுபக்க அறையிலும் பரண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே கான்கிரீட்டாக ஊற்றப்பட்டிருக்கலாம். இதே விதி சன்ஷேடுக்கும் பொருந்தும்.

7. சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அனுபவமுள்ள மேஸ்திரி தேவைதான், அவர் கை இல்லாமல் இந்த வேலை நடக்காது. ஆனால் பாரக் கணக்குப் போடுவது வேறு படிப்பு. ஸ்ட்ரக்சுரல் வேலை பார்ப்பவராக இருந்தால் மிகவும் நல்லது. வாயால் 'பண்ணலாம் சார்' என்று சொல்லிவிட்டுப் போக விடாதீர்கள். லிண்டலுக்கு என்ன அளவு, எத்தனை கம்பி அல்லது எந்த எடை இரும்பு பீம், இருபுறமும் சுவரில் எவ்வளவு ஏற வேண்டும், முட்டு எங்கெங்கே, எத்தனை நாள் என்று கையெழுத்துப் போட்ட வரைபடமாக வாங்குங்கள். மொத்தச் செலவில் அவருடைய கட்டணம் சிறிய பங்குதான். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. திறப்புக்கு அனுமதி தேவையா என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் அவர் மூலமாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

8. முழுச் சுவரையும் எடுக்காதீர்கள். இந்தக் குறிப்புகள் எல்லாவற்றிலும் நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான். இரு மூலைகளிலும் இரண்டடிச் சுவரை விட்டுவிட்டு நடுவில் ஐந்தடி, ஆறடி திறந்தாலே இரண்டு அறையும் ஒரே அறையாகத் தெரியும். அந்த இரண்டடித் துண்டுகள் லிண்டலின் இரு முனைகளையும் தாங்கும், குறுக்குச் சுவர்களை அசையாமல் பிடித்து நிறுத்தும். ஃப்ரிட்ஜை ஒதுக்கி வைக்கவும், சுவிட்ச் போர்டு பொருத்தவும் அதே துண்டுகள் இடம் கொடுக்கும்.

அகலம் கூடினால் பாரம் எப்படிக் கூடுகிறது என்பதை வீட்டுக்காரரும் தெரிந்துகொள்வது நல்லது. செங்கற்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்பதால், திறப்புக்கு மேலே உள்ள சுவரின் முழு எடையும் லிண்டலில் இறங்காது. திறப்பின் அகலத்தை அடிப்பக்கமாகக் கொண்ட ஒரு முக்கோண அளவுச் சுவர்தான் அதில் உட்காரும். மீதி இருபக்கமும் வழிந்து இறங்கிவிடும். மூன்றடி வாசலுக்கு அந்த முக்கோணத்தின் உயரம் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். 10 அடி உயர அறையில் லிண்டலுக்கு மேல் மூன்றடிச் சுவர் இருக்கிறது, முக்கோணம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆறடித் திறப்புக்கு முக்கோணம் ஐந்தடியைத் தாண்டுகிறது. அவ்வளவு சுவர் மேலே கிடையாது. அதனால் கூரைத் தளத்தின் பாரமும் நேராக லிண்டலுக்கு வந்துவிடும். பாரம் அடிக்கு அடி அதே அளவு என்று வைத்துக்கொண்டாலும், நீளம் இரண்டு மடங்கானால் லிண்டலை வளைக்கும் விசை நான்கு மடங்காகும். 'பழைய வாசலுக்குப் போட்ட மாதிரியே இதற்கும் போட்டுடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9. திறப்பு உண்மையிலேயே வாசலாக வேண்டுமா என்றும் வீட்டில் பேசிப் பாருங்கள். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவரை அப்படியே விட்டு, அதற்கு மேல் ஜன்னல்போலத் திறந்துவிட்டால் வெளிச்சமும் காற்றும் வந்துவிடும். கீழே நிற்கும் அரைச்சுவரின் மேல் கிரானைட் பலகை போட்டால் காய் நறுக்க, பரிமாற ஒரு மேடையும் கிடைக்கும். நடமாட ஏற்கெனவே ஒரு வாசல் இருக்கிறது என்றால் பல வீடுகளுக்கு இதுவே போதும். இதற்கும் லிண்டல் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் இடிபாடு பாதியாகக் குறையும், தரை வேலையே இருக்காது.

10. சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒயர் குழாய் பொதுவாக சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே கூரைக்குப் போகும். தண்ணீர்க் குழாய் குழாய் முனையிலிருந்து நேர் கீழேயோ, மேலே தொட்டியை நோக்கியோ போகும். சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு வையுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து அந்தச் சுவரின் எல்லா இணைப்பையும் போர்டிலேயே பிரித்துவிட்டுத்தான் முதல் அடி விழ வேண்டும். சுவிட்சை அணைப்பது போதாது. பழைய வீடுகளில் நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருப்பதும் உண்டு, அணைத்த பின்னும் ஒயரில் மின்சாரம் இருக்கும். புதிதாக இழுக்கும்போது ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மைக்ரோவேவ் மூன்றுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பிளக் வையுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லை என்றால் இந்தச் சாக்கில் போட்டுவிடுங்கள்.

11. கேஸ் சிலிண்டரையும் அடுப்பையும் வேலை நடக்கும் இடத்திலிருந்து முழுவதுமாக அப்புறப்படுத்துங்கள். கட்டிங் மெஷினிலிருந்து பொறி பறக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். புது ஏற்பாட்டிலும் சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, சுவரைத் துளைத்துக்கொண்டு போகவும் கூடாது. இரண்டு அறையும் ஒன்றான பிறகு 'சிலிண்டர் அந்த மூலையில், அடுப்பு இந்த மூலையில்' என்று ஆசைப்பட்டால், உங்கள் கேஸ் ஏஜென்சி மூலமாக முறைப்படி செம்புக் குழாய் போடச் சொல்லுங்கள்.

12. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூச்சு உலராது, இடிபாட்டை அள்ள வண்டி வராது. தை பிறந்ததும் தொடங்கினால் பங்குனிக்குள் முடியும். வீட்டில் தேர்வு எழுதும் பிள்ளைகள் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். முழுச் சமையலறையும் குறைந்தது மூன்று வாரம் உங்களுக்கு இல்லை என்று வைத்து, கூடத்து ஓரத்திலோ பின்கட்டிலோ இண்டக்ஷன் அடுப்பு, ஒரு மேஜை, குடிநீர்க் குடம் என்று சிறிய ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அரிசி, பருப்பு, மசாலா டப்பாக்களைத் துணிபோட்டு மூடினால் போதாது. செங்கல் தூசி மூடியின் இடுக்குவழிகூட உள்ளே போகும். பிளாஸ்டிக் பையில் கட்டி வேறு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

13. முட்டுக் கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. இரும்பு ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கும். சவுக்குக் கட்டையைவிட அதுதான் நல்லது, திருகி உயரத்தைச் சரிசெய்யலாம். சுவரின் ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் போதாது. தளம் இரு அறையிலும் இருந்து அந்தச் சுவரில் இறங்குவதால், இருபுறமும் சுவரிலிருந்து இரண்டு, மூன்றடி தள்ளி வரிசையாக நிறுத்த வேண்டும். ஜாக்கியின் தலைக்கும் தளத்துக்கும் நடுவே நீளமான மரப்பலகை, அடியிலும் பலகை. டைல்ஸ் மேல் வெறும் ஜாக்கியை நிறுத்தினால் டைல் உடையும், ஜாக்கி நழுவும். தளத்தைத் தொட்டு இறுக்கமாக நின்றால் போதும். வேகத்தில் திருகித் தளத்தை மேலே தள்ளினால் அங்கேயே விரிசல் விழும். மாடி வீடாக இருந்து, சமையலறை மேல்தளத்தில் இருந்தால், கீழ்வீட்டிலும் அதற்கு நேர் கீழே முட்டு வேண்டுமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள்.

14. முதலில் பீம், பிறகுதான் ஓட்டை. ஒன்பது இஞ்ச் சுவரில் இதைச் செய்ய ஒரு நல்ல முறை இருக்கிறது, அவசரப்படாத மேஸ்திரிகள் இப்படித்தான் செய்வார்கள். லிண்டல் வரவேண்டிய மட்டத்தில், சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும், பாதிக் கனத்துக்கு நீளமாகப் பள்ளம் வெட்டுவார்கள். மறுபாதிச் செங்கல் அப்போதும் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். பள்ளத்தின் இரு முனைகளிலும் சிறிய கான்கிரீட் மெத்தை போட்டு, அது இறுகியதும் அதன்மேல் இரும்புச் சேனலை ஏற்றி வைப்பார்கள். இருபுறமும் 9 இஞ்ச்சாவது சுவருக்குள் ஏற வேண்டும்.

அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். சேனலின் தலைக்கும் மேலே உள்ள செங்கலுக்கும் நடுவே ஒரு இஞ்ச் இடைவெளி இருக்கும். அதில் தளர்ந்த கலவையை அப்பினால் காயும்போது சுருங்கி, மறுபடியும் மயிரிழை இடைவெளி விழும். சுவர் அந்த அளவுக்கு இறங்கித்தான் பீமில் உட்காரும், கூரையில் கோடு விழும். அதனால் ஒன்றுக்கு மூன்று கலவையைத் தண்ணீர் மிகக் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் பிசைந்து, கட்டையால் அடித்து அடித்து உள்ளே ஏற்ற வேண்டும். ஆங்காங்கே இரும்பு ஆப்பும் வைப்பார்கள். அது இறுகிய பிறகு மறுபக்கம் வந்து இதே மாதிரி இரண்டாவது சேனல். இரண்டையும் போல்ட் போட்டு இணைத்த பிறகுதான் கீழே உள்ள முதல் செங்கல் வெளியே வரலாம். சுவர் ஒரு மணி நேரம்கூடத் தாங்குதல் இல்லாமல் நிற்காது. இரும்புக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்துத்தான் ஏற்ற வேண்டும். சமையலறை நீராவியில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

15. கம்பி கட்டிக் கான்கிரீட் லிண்டல் ஊற்றுவதாக இருந்தால் பொறுமை இன்னும் கொஞ்சம் வேண்டும். இன்று கடைகளில் அதிகம் கிடைப்பது பிபிசி சிமென்ட். அதற்கு 10 நாளாவது விடாமல் தண்ணீர் காட்ட வேண்டும், சாக்கு சுற்றி நனைத்து வைப்பது நல்லது. அடி முட்டை 14 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. முழு வலு வர 28 நாள் ஆகும். 'வெயில் அடிக்குது, அஞ்சு நாள்ல செட்டாயிடும்' என்பதில் உண்மை இல்லை. வெயிலில் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து கெடுதல்தான் அதிகம்.

16. உடைப்பது எப்போதும் மேலிருந்து கீழே, வரிசை வரிசையாக. கீழே ஓட்டை போட்டு மேலே உள்ளதைத் தானாக விழவைக்கும் வேலைக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இருபுற ஓரங்களையும் முதலில் கட்டிங் மெஷினால் நேராகக் கோடு போட்டு அறுத்துவிட்டால், விடவேண்டிய சுவருக்கு அதிர்வு போகாது. அதன்பிறகு உளியும் சுத்தியலும் போதும், சம்மட்டி வேண்டாம். அறுக்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி அடங்கும். செங்கல், சிமென்ட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்யும் சித்தாளுக்கு நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். மேஸ்திரி கொண்டுவருவார் என்று விட்டுவிட வேண்டாம், அந்தச் சில நூறு ரூபாயை வீட்டுக்காரரே போட வேண்டும். பின்பக்க அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதை அறுக்காதீர்கள். நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்குங்கள்.

17. இடிபாடு எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆறடிக்கு ஏழடி திறப்பு, ஒன்பது இஞ்ச் சுவர் என்றால் பூச்சோடு சேர்த்து ஒன்றே முக்கால் டன்னைத் தாண்டும். சிமென்ட் சாக்கில் ஆள் தூக்கும் அளவுக்குக் கட்டினால் 50 சாக்குக்கு மேல். மாடி வீட்டில் இதை ஒரே மூலையில் குவித்தால் பெரிய ஆபத்து. வீட்டுத் தளம் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. குவியல் அதைப்போல நான்கு மடங்கு அழுத்தும். உடைக்க உடைக்கக் கீழே இறக்குங்கள். இடிபாட்டைச் சாக்கடை ஓரத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டவிடாதீர்கள். உள்ளாட்சியில் இதற்கென்று ஒதுக்கிய இடம் எது என்று கேட்டு அங்கே அனுப்புங்கள்.

18. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய சுவராக இருந்தால் செங்கல் முழுசாகவே கழன்று வரும். சுரண்டி, அடுக்கி வையுங்கள், அரைச்சுவருக்கும் மேடைக்கும் உதவும். சிமென்ட் சுவரில் இந்த ஆசை வேண்டாம்.

19. தரை இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் அரை இஞ்ச்சாவது வித்தியாசம் வரும், விறகடுப்பு அறையாக இருந்தால் இன்னும் அதிகம். சுவர் நின்ற இடத்தில் நீளமாக ஒரு கோடு காலியாகத் தெரியும். அதில் மண்ணும் சல்லியும் போட்டு நிரப்பிவிட்டுப் போவார்கள், விடாதீர்கள். அஸ்திவாரச் சுவர்வரை சுத்தம் செய்து கான்கிரீட் போட வேண்டும், இல்லை என்றால் ஒரு வருடத்தில் அந்தக் கோடு மட்டும் இறங்கும். பழைய டைல் இப்போது கடையில் கிடைக்காது. ஒத்த நிறம் தேடி அலைவதைவிட, அந்த இடத்தில் கறுப்புக் கிரானைட் பட்டி ஒன்று போட்டுவிடுவது அழகாகவே இருக்கும். மட்ட வித்தியாசத்தைப் படியாக விடாமல் சாய்வாக்கிவிடுங்கள். கொதிக்கும் குழம்புப் பாத்திரத்தோடு நடக்கும் இடத்தில் அரை இஞ்ச் படி ஆபத்தானது, பெரியவர்கள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம்.

20. புதுக் கான்கிரீட்டும் பழைய செங்கலும் சேரும் கோட்டில் பூச்சு வெடிப்பது நிச்சயம். அந்த இணைப்பின் இருபுறமும் அரையடி வரும்படி கோழிவலை அடித்து, சிமென்ட் பால் தெளித்து, அதன்மேல் பூசச் சொல்லுங்கள். பழைய பூச்சின் ஓரத்தைக் கொத்திவிட்டால்தான் புதுப் பூச்சு பிடிக்கும். ஈரம் முழுவதும் போகாமல் பெயின்ட் அடித்தால் உப்புப் பூத்து உரிந்து வரும்.

21. இரண்டு அறை ஒன்றானால் தாளிப்புப் புகையும் இரண்டு மடங்கு இடத்துக்குப் போகும். அடுப்புக்கு நேர் மேலே அல்லது அருகில் எக்ஸாஸ்ட் ஃபேனும், எதிர்ப்பக்கச் சுவரில் காற்று உள்ளே வரும் ஜன்னலும் இருக்கும்படி அமையுங்கள். ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இல்லை என்றால் அது வெறுமனே சுற்றும். அடுப்பை மட்டும் புதுத் திறப்புக்கு நேரே வைக்காதீர்கள், காற்று ஊடாடி சுடர் அணையும். நடமாட்டப் பாதையும் அதுவே என்பதால் சேலைத் தலைப்புக்கும் நல்லதல்ல.

22. இரு மேடைகளுக்கு நடுவே நான்கடி இடம் விட்டால் இருவர் சேர்ந்து சமைக்கலாம். மேடையின் உயரத்தைக் கடையில் சொல்லும் அளவுக்குப் போடாமல், அதிகம் சமைப்பவர் யாரோ அவரை நிற்கவைத்து, முழங்கைக்கு நான்கு இஞ்ச் கீழே வரும்படி வையுங்கள். தினமும் சமைப்பவர் நீங்கள் இல்லை என்றால் இதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் உங்களுக்கு இல்லை.

23. வாஸ்து பார்ப்பவர்கள் அடுப்பைத் தென்கிழக்கு மூலைக்கு நகர்த்தச் சொல்வார்கள். அதற்கு மேடையை மாற்றலாம், சுவரின் திறப்பை ஒரு பக்கம் தள்ளலாம். ஆனால் மூலையில் விடவேண்டிய அந்த இரண்டடிச் சுவரை எடுக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

24. வேலை முடிந்த பிறகும் ஆறு மாதம் கண் வைத்திருங்கள். லிண்டலின் இரு முனைகளிலும், கூரைத் தளத்திலும், மேல்மாடிச் சுவரிலும் விரிசல் தெரிந்தால் அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பூச்சில் வரும் மயிரிழை விரிசல் கோட்டைத் தாண்டாது. தாண்டி வளர்ந்தாலும், ஒரு நாணயம் நுழையும் அளவுக்கு அகன்றாலும், கதவு திடீரென்று நிலையில் பிடித்தாலும் பட்டி தடவி மறைக்காதீர்கள். உடனே ஜாக்கியைத் திரும்ப நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

25. கடைசியாக, பூசி மறைப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லிண்டல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒயர் எந்த வழியாகப் போகிறது, குழாய் எங்கே திரும்புகிறது என்று ஒரு தாளில் வரைந்து, இன்ஜினியர் கொடுத்த வரைபடத்தோடு சேர்த்து வீட்டுப் பத்திரம் இருக்கும் உறைக்குள் வையுங்கள். நாளைக்கு டிரில் மெஷினோடு வருகிற ஆளுக்கும், உங்களுக்குப் பின் அந்த வீட்டில் சமைக்கப்போகிறவர்களுக்கும் அந்தத் தாள் கட்டாயம் தேவைப்படும்.